கம்மி அகலத்துல படம் அனுப்பறவங்க முதல்ல எடுத்துப் படிக்க வேண்டியது சொந்த லைசன்ஸ்

ஹாம் ரேடியோல (லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா நடத்தற அமெச்சூர் ரேடியோ) படம் அனுப்பணும்னு ஆசைப்பட்டு வர்ற புது ஆளுங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எந்த ஃப்ரீக்வன்சி. நெட்ல தேடினா ரெடியா ஒரு லிஸ்ட் கிடைக்கும், 3.845, 7.171, 14.230, 21.340, 28.680 மெகாஹெர்ட்ஸ்னு, அதை அப்படியே பிரின்ட் எடுத்து ரேடியோ ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கறவங்களை பாத்திருக்கேன். அந்த லிஸ்ட்ல முதல் நம்பரே நமக்கு ஆகாது. இந்தியால 80 மீட்டர் பாண்ட் 3.5ல ஆரம்பிச்சு 3.7 மெகாஹெர்ட்ஸோட முடிஞ்சிடும், அப்புறம் 3.89லேர்ந்து 3.9 வரைக்கும் ஒரு சின்ன துண்டு, அவ்ளோதான். 3.845ல நீங்க அனுப்பறது எஸ்எஸ்டிவியா (படத்தை கோடு கோடா டோனா மாத்தி அனுப்பற முறை) எம்எஃப்எஸ்கேவாங்கற (பல டோன்ல டெக்ஸ்ட் அனுப்பற கம்மி அகல முறை) பேச்சுக்கே எடமில்ல, நமக்கு அது அமெச்சூர் பாண்டே கிடையாது. ஐரோப்பாக்காரங்க புழங்கற 3.730க்கும் அதே கதி. 7.171 பரவால்ல, 40 மீட்டர் நமக்கு 7.2 வரைக்கும் இருக்கு. 20 மீட்டர்ல 14.230 உலகம் பூரா எஸ்எஸ்டிவிக்குன்னு பழகிப்போன எடம், அங்க பிரச்சனை இல்ல.

நான் இருக்கறது கடலூர் மஞ்சக்குப்பம். மொட்டை மாடில ஒரு இன்வர்டட் வீ ஆன்டெனா, கீழ ரூம்ல ஒரு 100 வாட் ரிக்கு (ரேடியோ செட்), பேட்டரி செத்துப்போய் எப்பவும் கரண்ட்லயே ஓடற ஒரு பழைய லேப்டாப். எனக்கு படம் அனுப்பறதுல ஆசை வந்ததே 14.230ல மத்தவங்க படத்தை வாங்கி வாங்கித்தான், சாயங்காலம் பாண்ட் திறந்திருக்கும்போது கோடு கோடா மேலேர்ந்து கீழ ஒரு படம் இறங்கி வர்றதைப் பாத்தா கைய கட்டிக்கிட்டு உக்கார முடியாது. ஆனா சாதா எஸ்எஸ்டிவி அகலமானது. கோடு தொடங்கறதைக் காட்டற சிங்க் டோன் 1200 ஹெர்ட்ஸ், கறுப்பு 1500, வெள்ளை 2300, ஆக ஒரு ஆள் பேசற அளவுக்கு எடத்தை அடைச்சுக்கும், மார்ட்டின் 1ங்கற மோட்ல ஒரு படம் போக கிட்டத்தட்ட 114 செகண்ட். கம்மி அகலத்துல அனுப்ப முடியுமான்னு பாக்கப்போய்தான் இந்த ரூல்ஸ் விஷயத்துக்குள்ள நுழைஞ்சேன்.

அமெரிக்கால இதுக்கு ஒரு தனிக்கதை இருக்கு, நெட்ல கிடைக்கற பாதி விளக்கம் அதைப் பத்தினதுதான், அதனால தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. அங்க எச்எஃப் பாண்டை (3லேர்ந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்) சட்டத்துலயே பிரிச்சிருக்காங்க, கீழ டேட்டா, மேல குரலும் படமும். டேட்டா பக்கத்துல டைப் பண்ணி பேசிட்டு இருக்கற ரெண்டு பேர் நடுவுல ஒரு சின்ன போட்டோ அனுப்பணும்னா அதே எடத்துல அனுப்ப முடியாது, எடத்தை மாத்திட்டு மேல போகணும். 2006 டிசம்பர்ல அமலுக்கு வந்த மாத்தத்துல இதை சரி பண்ணாங்க: 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ, படத்தோட சிக்னல் 500 ஹெர்ட்ஸுக்குள்ள இருந்தா அதையும் டேட்டான்னே கணக்கு வெச்சுக்கலாம். நல்லா கவனிங்க, படம்ங்கறது மாறல, அதைப் போடற கணக்குதான் மாறுது. அப்புறம் 2023 கடைசில 300 பாட் (செகண்டுக்கு எத்தனை தடவை சிக்னல் மாறலாம்ங்கற கணக்கு) லிமிட்டை எடுத்துட்டு 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்களே, 2024 ஜனவரில அமலுக்கு வந்தது, அது டேட்டாவோட ஸ்பீடு சம்பந்தப்பட்டது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு "இப்ப டேட்டா எடத்துல 2.8 கிலோஹெர்ட்ஸ்ல எஸ்எஸ்டிவி அனுப்பலாமாம்"னு ஒருத்தர் அடிச்சு சொன்னார், தலைய ஆட்டிட்டு வந்துட்டேன், அவர் கையில இருந்ததும் அமெரிக்கா லைசன்ஸ் இல்ல.

ஜப்பான் கதை வேற. நமக்கெல்லாம் பாண்ட் பிளான்ங்கறது ஐஏஆர்யு (உலக ஹாம் சங்கங்களோட கூட்டமைப்பு) போட்ட ஒரு ஒப்பந்தம், மரியாதைக்குக் கடைப்பிடிக்கறது. அங்க எந்தத் துண்டுல என்ன அனுப்பலாம்ங்கறதை அரசாங்கமே அறிவிப்பா போட்டு சட்டமாக்கி வெச்சிருக்கு. நம்மல பாதிப்பேர் யூஸ் பண்ற எம்எம்எஸ்எஸ்டிவி சாஃப்ட்வேர் ஒரு ஜப்பான் ஹாம் எழுதினதுதான், அதுல எம்பி73-என், எம்பி110-என்னு கடைசில 'என்' போட்ட மோடெல்லாம் இருக்கும், பாத்திருப்பீங்க. அந்த 'என்' நேரோங்கறதுக்கு, அதாவது கம்மி அகலம்.

நம்ம கதை என்ன? 1978ல போட்ட அமெச்சூர் சர்வீஸ் ரூல்ஸ், நடுநடுல திருத்தம், அதுக்கு மேல டெல்லில டபிள்யுபிசி (மத்திய அரசோட வயர்லெஸ் லைசன்ஸ் பிரிவு) கொடுக்கற லைசன்ஸ். இங்க யாரும் 500 ஹெர்ட்ஸ்னு ஒரு கோடு கிழிச்சு படத்தை டேட்டாவா மாத்தி வைக்கல. இங்க பாக்க வேண்டியது எமிஷன். திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பெரியவர் இருக்கார், ரொம்ப காலமா வியு2ன்னு ஆரம்பிக்கற கால்சைன் (ஹாமோட அடையாள எழுத்து) வெச்சிருக்கறவர், மோர்ஸ் சாவியை கையிலேர்ந்து கீழ வைக்காத ஆளு. அவர்கிட்ட போய் "சார், 300 ஹெர்ட்ஸ்தான் சார், குருவி மாதிரி சின்ன சிக்னல், கீழ அனுப்பினா என்ன"ன்னு கேட்டேன். அவர் அகலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "உன் லைசன்ஸை எடுத்துட்டு வா, அதுல எமிஷன்னு போட்ட கட்டத்துல கடைசி எழுத்து என்னென்ன இருக்குன்னு படி"ன்னார்.

எமிஷன்ங்கறது மூணு எழுத்துல அடங்கிடற விஷயம், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு எல்லாரும் மறந்துடறோம். முதல் எழுத்து கேரியரை என்ன பண்றோம்ங்கறது, ஜே-ன்னா கேரியரை அமுக்கின சிங்கிள் சைட்பேண்ட், எஃப்-ன்னா எஃப்எம். நடு நம்பர் சிக்னலோட தன்மை, டிஜிட்டலா அனலாகா, சப்-கேரியர் இருக்கா இல்லையா. கடைசி எழுத்துதான் நமக்கு வேணும், அது என்ன தகவல் போகுதுன்னு சொல்லும்: பி-ன்னா தானியங்கி தந்தி, சி-ன்னா ஃபாக்ஸ், டி-ன்னா டேட்டா, இ-ன்னா குரல், எஃப்-ன்னா டிவி. இப்ப யோசிச்சுப் பாருங்க, உங்க ரிக்குல யுஎஸ்பி-ன்னு (அப்பர் சைட்பேண்ட், லேப்டாப் யுஎஸ்பி இல்ல) ஒரே ஒரு மோட்தான், நீங்க மைக்ல பேசினாலும் சரி லேப்டாப்லேர்ந்து படத்தோட சத்தத்தை உள்ள விட்டாலும் சரி, ரிக்கு ரெண்டையும் ஒண்ணாத்தான் நினைக்கும். பேப்பர்ல அது ஒண்ணில்ல. பேசினா ஜே3இ. அதே சாக்கெட் வழியா படம் போனா கடைசி எழுத்து சி-யா இல்ல எஃப்-ஆ மாறிடுது. அந்த எழுத்து உங்க லைசன்ஸ்ல, உங்க கிரேடுக்கு, அந்த பாண்டுக்கு நேரா இருக்கான்னு பாருங்க. இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா வாங்கறதோட நிறுத்திக்கிட்டு டபிள்யுபிசிக்கு எழுதிக் கேளுங்க, பக்கத்து ஊர் ஹாம் அனுப்பறார்ங்கறது பதிலாகாது, அவர் ஜெனரல் கிரேடா இருக்கலாம், நீங்க ரெஸ்ட்ரிக்டடா இருக்கலாம், லைசன்ஸ் கொடுத்த வருஷமும் வேற வேறயா இருக்கலாம்.

அப்ப அகலத்துக்கு மதிப்பே இல்லையான்னா, இருக்கு. அனுப்பலாமாங்கறதை எமிஷன் முடிவு பண்ணுது, எங்க உக்காந்து அனுப்பறதுங்கறதை அகலம் முடிவு பண்ணுது. பாண்ட் பிளான்ல கீழ்ப்பக்கம் கம்மி அகல சிக்னலுக்குன்னு விட்டது, அங்க 300 ஹெர்ட்ஸ் படம் வந்தா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, சாதா எஸ்எஸ்டிவியை அங்க கொண்டு போனா நாலஞ்சு பேரை ஒரே நேரத்துல மிதிச்சுடுவீங்க. இன்னொண்ணு, அந்தப் பக்கம் போனா 14.100ஐ மறந்துடாதீங்க, உலக பீக்கன் (பாண்ட் திறந்திருக்கான்னு பாக்க தானா அடிக்கற ஸ்டேஷன்) எல்லாம் அங்கதான் மாறி மாறி அடிக்குது, அது மேல ஏறவே கூடாது. 14.074ல எஃப்டி8ங்கற டிஜிட்டல் மோட் கூட்டம்.

டயல் காட்டற நம்பர் உங்க நம்பர் கிடையாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். யுஎஸ்பில டயல் 14.080, லேப்டாப்ல டோன் நடுப்புள்ளி 1500 ஹெர்ட்ஸ்னா நீங்க உண்மையா நிக்கறது 14.0815ல. பாண்ட் ஓரத்துலயோ பீக்கன் பக்கத்துலயோ இருக்கும்போது இந்த ஒண்ணரை கிலோஹெர்ட்ஸ்தான் வம்புல மாட்டிவிடும்.

இப்ப எந்த மோட்னு பாப்போம். நான் அதிகம் யூஸ் பண்றது ஃப்ளடிஜிங்கற சாஃப்ட்வேர்ல எம்எஃப்எஸ்கே16. டைப் பண்ணி பேசறதுக்கான மோட், 16 டோன், அகலம் 316 ஹெர்ட்ஸ், அதுலயே படமும் அனுப்பலாம். படம் போறதுக்கு முன்னாடி டெக்ஸ்ட்ல ஒரு சின்ன தலைப்பு போகும், படத்தோட அகலம் உயரம், கலரா இருந்தா ஒரு 'சி', அதைப் பாத்ததும் எதிர்ப்பக்க சாஃப்ட்வேர் தானா படம் வாங்கற விண்டோவைத் திறந்துடும். படம் மட்டும் அனலாக், அதாவது ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சமும் ஒரு டோனா போகும், அதனால நாய்ஸ் வந்தா படத்துல புள்ளி விழும், ஆனா படம் முழுசா போயிடாது. ஸ்பீட் சாதாரணமா செகண்டுக்கு 1000 புள்ளி, கலர்னா சிவப்பு பச்சை நீலம்னு மூணு தடவை. அதனால கணக்கு சுலபம். 160க்கு 120 கலர் படம் 57 செகண்ட் சொச்சம். அதே படம் கறுப்பு வெள்ளைல 19 செகண்ட். 320க்கு 240 கலர்னு பேராசைப்பட்டீங்கன்னா கிட்டத்தட்ட 4 நிமிஷம், அவ்ளோ நேரம் 20 மீட்டர்ல ஃபேடிங் உங்களுக்காக காத்துட்டு இருக்காது. அகலத்துல மிச்சம் பிடிச்சதை நேரத்துல கொடுத்துத்தான் ஆகணும்.

எம்பி73-என் 73 செகண்ட்ல 320க்கு 256 படம் கொடுக்கும், பாக்க நல்லாவே இருக்கும், ஆனா ட்யூனிங் கொஞ்சம் நகர்ந்தாலும் கோவிச்சுக்கும். ஏன்னு சொல்றேன். சாதா எஸ்எஸ்டிவில கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல 800 ஹெர்ட்ஸ் எடம் இருக்கு. நேரோல 2044லேர்ந்து 2300, ஆக 256 ஹெர்ட்ஸ்தான். வெளிச்சத்துல 256 படி, ஒரு படிக்கு ஒரு ஹெர்ட்ஸ். ரெண்டு ரிக்குக்கும் நடுவுல 20 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தா சாதா மோட்ல கண்ணுக்கே தெரியாது, நேரோல முகமெல்லாம் வெளுத்துப்போய் பவுடர் அப்பினாப்ல வரும், இல்ல இருட்டடிச்சு வரும். ரிக்கை ஆன் பண்ணி கொஞ்ச நேரம் சூடாக விட்டுட்டு அப்புறம் அனுப்பினா இதுல பாதி குறையும், நம்ம ஊர் வெயில்ல மாடி ரூம்ல அது தானாவே சூடாயிடும்ங்கறது வேற விஷயம்.

ரூல்ஸ் எல்லாம் சரியா பாத்து, எழுத்தும் சரி எடமும் சரி, ஆனா ஆடியோவை ஓவரா விட்டா எல்லாம் போச்சு. லாஸ்பேட்டைல இருக்கற நம்ம தம்பி ஒருத்தன் (புதுச்சேரில ஐடி வேலை, வியு3, ராத்திரிதான் ரேடியோ) ஒருநாள் வாட்டர்ஃபாலை (சிக்னல் எல்லாம் ஸ்க்ரீன்ல கோடா ஓடற படம்) ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான், "அண்ணே இது யாருண்ணே மூணு பேர் ஒரே படத்தை அனுப்பறாங்க"ன்னு. மூணு பேர் இல்ல, ஒரே ஆளு. அவர் டோனை 700 ஹெர்ட்ஸ்ல வெச்சு, வால்யூமை முழுசா ஏத்தி, ஸ்பீச் ப்ராசஸரையும் ஆன் பண்ணி விட்டிருக்கார், ஆடியோ கிழிஞ்சு 1400லயும் 2100லயும் அதே படத்தோட நிழல் வரிசையா நிக்குது. 300 ஹெர்ட்ஸ் சிக்னல்னு அவர் நினைச்சுட்டு இருக்கார், அவர் அடைச்சது முழு குரல் சேனல். இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், டோனை 1500லயோ அதுக்கு மேலயோ வைங்க, அப்ப ரெண்டு மடங்கு 3000க்கோ அதுக்கு மேலயோ போயிடும், ரிக்கோட ஃபில்டர் பெரும்பாலும் வெட்டிடும். ப்ராசஸர் ஆஃப். ஏஎல்சி (ஆடியோ ஓவரா போகுதான்னு காட்டற மீட்டர்) முள் அசையற எடம் வரைக்கும் ஏத்திட்டு, அங்கேர்ந்து முள் அசையாத எடத்துக்கு இறக்குங்க. பவரையும் குறைச்சே ஆகணும், பேசும்போது மூச்சு விடற நேரத்துல ரிக்கு ரெஸ்ட் எடுத்துக்கும், படத்துல அந்த ரெஸ்ட் கிடையாது, ஃபைனல் ட்ரான்சிஸ்டர் மேல ஃபுல் லோடு கடைசி கோடு வரைக்கும். 100 வாட் ரிக்குல நான் 30, 40க்கு மேல போறதில்ல. லேப்டாப்ல நோட்டிஃபிகேஷன் சத்தத்தை மறக்காம ம்யூட் பண்ணுங்க, மெசேஜ் வர்ற டிங் எல்லாம் ஏர்ல போகக்கூடாது.

அனுப்பறதுக்கு முன்னாடி கேளுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, கீழ்ப்பக்கத்துல அதுலயும் ஒரு சிக்கல், அங்க மைக்கை எடுத்து "ஃப்ரீக்வன்சி காலியா"ன்னு பேச முடியாது. டெக்ஸ்ட்லயே கேக்கணும், கால்சைனோட. அதேமாதிரி படத்துமேல கால்சைன் எழுதியாச்சேன்னு விட்டுடாதீங்க, படம் உடைஞ்சு வந்தா அதுவும் சேர்ந்துதான் உடையும், ஆரம்பத்துலயும் முடிவுலயும் டெக்ஸ்ட்ல தனியா கொடுங்க, லாக்ல எழுதுங்க.

என்ன படம்ங்கறதுக்கும் ரூல்ஸ் இருக்கு. வியாபாரம் கூடாது, அதனால மச்சான் கடை திறப்பு விழா ஃப்ளெக்ஸை அனுப்ப முடியாது, கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். கட்சி, மதச் சண்டை, ஆபாசம் பக்கமே போகாதீங்க. யாரையும் கூப்பிடாம திரும்பத் திரும்ப ஒரே படத்தை ஓட்டிட்டு இருந்தா அது ப்ராட்காஸ்ட் மாதிரி ஆயிடும். ஐடியு (உலக தொலைத்தொடர்பு அமைப்பு) ரேடியோ ரெகுலேஷன்ஸ் 25வது ஆர்ட்டிகிள்லயே இருக்கு, அர்த்தத்தை மறைக்கறதுக்காக கோட் பண்ணி அனுப்பக்கூடாதுன்னு. ஃபார்மேட் எல்லாருக்கும் தெரிஞ்சதா இருந்தா தப்பில்ல, யார் வேணும்னாலும் சாஃப்ட்வேர் இறக்கி பாக்கலாம், பாஸ்வேர்ட் போட்டு பூட்டினாத்தான் தப்பு.

இதெல்லாம் எதுக்குய்யான்னு வீட்லயும் கேட்டாங்க. வாட்ஸப்ல ஒரு செகண்ட்ல போற படத்துக்கு இவ்ளோ ரகளையா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறினப்ப, அதுக்கப்புறம் சாத்தனூர் டேம் தண்ணி வந்து தென்பெண்ணை ஏறினப்ப, எந்த ரோடு போகும் எந்த ரோடு போகாதுங்கறதை வாயால சொல்லி புரிய வைக்கறது எவ்ளோ கஷ்டம்னு இந்த ஏரியால இருக்கறவங்களுக்குத் தெரியும். 2011 தானே புயல்ல டவர் எல்லாம் சாஞ்சு கிடந்ததும் மறக்கல. இந்த மாதிரி நேரத்துல சாதாரண தொடர்பு அறுந்துபோனா, இயற்கைப் பேரிடர் சம்பந்தப்பட்ட தகவலை அரசு அதிகாரிகளுக்காக ஹாம் கொண்டு போகலாம்னு நம்ம ரூல்ஸ்லயே எடம் இருக்கு. மத்த நேரத்துல மூணாவது ஆளோட சேதியைக் கொண்டு போக முடியாது.

அதனால நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து சும்மா ஒத்திகை பாத்தோம், கடலூர்ல நான், லாஸ்பேட்டைல தம்பி, நெய்வேலில ஒருத்தர், 40 மீட்டர், மத்தியானம். கடலூர்லேர்ந்து புதுச்சேரி போற ரோட்டை ஒரு பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பறது. பால்பாயின்ட் பேனால வரைஞ்சது அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது வெறும் சாம்பல் கலர் பேப்பர், கோடே இல்ல. கறுப்பு மார்க்கர்ல பட்டையா வரைஞ்சப்பதான் ஆத்தோட வளைவு தெரிஞ்சுது. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில்னு பேரை எழுதினா 120 புள்ளி உயரத்துல தமிழ் எழுத்தோட கொம்பும் சுழியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கறுப்பு உருண்டையா நிக்குது. அப்புறம் பேரை எல்லாம் எடுத்துட்டு 1, 2, 3னு பெரிசா நம்பர் மட்டும் போட்டோம், எந்த நம்பர் எந்த ஊர்ங்கறதை படத்துக்கு முன்னாடியே எம்எஃப்எஸ்கே டெக்ஸ்ட்ல, கால்சைனோட, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்பினோம். அமெரிக்கால எதுக்காக அந்த 500 ஹெர்ட்ஸ் சலுகையைக் கொண்டு வந்தாங்கன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது: டெக்ஸ்டும் படமும் ஒரே எடத்துல, யாரும் டயலைத் தொடாம, ஒண்ணு பின்னால ஒண்ணா போகுது. கறுப்பு வெள்ளை, 160க்கு 120, 19 செகண்ட்ல ஒரு மேப்.

தம்பி பக்கம் மேப் வந்தது, ஆனா ரோடு எல்லாம் வடகிழக்கா சாஞ்சு கடலுக்குள்ள போகுது. அது சவுண்ட்கார்ட் க்ளாக். ரெண்டு லேப்டாப்போட க்ளாக் துளி வேற வேறயா ஓடினாலும் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி விழும், மனுஷ முகத்துல அது அழகா கூட இருக்கும், மேப்ல அப்படி விட முடியாது. செகண்டுக்கு ஒரு டிக் வர்ற டைம் சிக்னல் ஏதாவது பிடிச்சு ஒரு தடவை சரி பண்ணிட்டா போதும், சீனாவோட பிபிஎம்ங்கற டைம் ஸ்டேஷன் 10 மெகாஹெர்ட்ஸ்ல நம்ம பக்கம் ராத்திரி கேக்கும், ஃப்ளடிஜில அந்த டிக்கை வெச்சு, க்ளாக் பத்து லட்சத்துக்கு எவ்ளோ பிசகுதுங்கற நம்பரைப் போட்டா கோடு நேரா நிக்கும். லேப்டாப் மாத்தினா மறுபடி பண்ணணும்.

நெய்வேலிக்காரருக்கு இன்னும் சரியா வரல, அவர் பக்கம் நாய்ஸ் ஜாஸ்தி, என் பக்கமும் உப்புக்காத்துல கனெக்டர் பச்சை பூத்துப்போய் எஸ்டபிள்யுஆர் (ஆன்டெனாலேர்ந்து எவ்ளோ பவர் திரும்பி வருதுங்கற அளவு) ஏறிக்கிட்டே இருக்கு. ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள மாடி ஏறி கோஆக்ஸ் கேபிள் முனையை வெட்டி புதுசா சால்டர் பண்ணி டேப் சுத்திடணும், அப்புறம் அவரோட ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கணும்.